ஸ்பிரிங்கர் ஃபோர்க்கை பலப்படுத்துறது எப்படி? நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பசங்க கேட்ட கேள்விகளும் பதில்களும்

கஸ்டம் சைக்கிள் கட்டுற பசங்க இப்ப நம்ம பக்கம் நிறையவே இருக்காங்க, ஓசூர்ல கம்பெனி வேலை பாத்துக்கிட்டே லீவு நாள்ல பழைய ரோட்ஸ்டர் (சாதா பெரிய சைக்கிள்) ஃபிரேமை அறுத்து சாப்பர் மாதிரி, அதாவது முன் ஃபோர்க் நீளமா சாஞ்சு நிக்கிற மாதிரி பண்றவங்க, பாலக்கோட்டுல சொந்த வெல்டிங் பட்டறையே வெச்சிருக்கவங்கன்னு. எல்லாருக்கும் ஆசை முன்னாடி ரெண்டு ஸ்பிரிங் தெரியுற ஸ்பிரிங்கர் ஃபோர்க் மேல தான். ஆனா அதுல தான் அதிகமா உடையுது, வளையுது, ஆடுது. என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன், முழுசா படிச்சுட்டு அப்புறம் இரும்பை அறுங்க.

ஸ்பிரிங்கர் ஃபோர்க்னா சரியா என்ன?

ரெண்டு ஜோடி கால் இருக்கும். பின்னாடி இருக்குறது ரிஜிட் கால், அது கிரவுனோட (காலுங்க மேல சேர்ற தகடு), ஸ்டீரர் டியூபோட (ஃபிரேமோட தலைக் குழாய்க்குள்ள போற பைப்பு) ஒட்டி நிக்கும், அசையாது. முன்னாடி இருக்குறது ஸ்பிரிங் கால், சக்கரம் மேல ஏறும்போது அதுவும் மேல போய் ஸ்பிரிங்கை அமுக்கும். கீழ இந்த ரெண்டையும் சேக்குற குட்டித் துண்டு தான் ராக்கர், அதுல ஒரு ஓட்டை ரிஜிட் காலுக்கு, ஒண்ணு ஸ்பிரிங் காலுக்கு, ஒண்ணு ஆக்சிலுக்கு. ஹார்லி டேவிட்சன் பைக்குல ரொம்ப வருஷம் இதான் இருந்துச்சு, 1949ல ஹைட்ராலிக் ஃபோர்க் வந்த பிறகு பெரிய வண்டிங்கள்ல இருந்து போயிடுச்சு, அப்புறம் 1988ல ஸ்பிரிங்கர் சாஃப்ட்டெயில்னு அவங்களே திரும்பக் கொண்டு வந்தாங்க. சைக்கிள்ல அமெரிக்காவோட ஷ்வின் கம்பெனி 1968ல விட்ட கிரேட் (Krate) மாடல் பசங்க சைக்கிள்ல ஸ்பிரிங் ஃபோர்க் இருந்துச்சு. ஆக இது புது ஐட்டம் கிடையாது, எங்க உடையும்னு உலகத்துக்கே தெரிஞ்ச ஐட்டம்.

அண்ணா, காலை தடியா போட்டா போதும்ல? நான் 16 எம்எம் சாலிட் ராடு வாங்கி வெச்சிருக்கேன்.

தம்பி, அந்த ராடை திருப்பிக் குடுத்துடு. நானும் என் முதல் ஃபோர்க்குல இதே தப்பைத் தான் பண்ணேன், சாலிடுனா ஸ்ட்ராங்குன்னு எல்லாரும் நம்புறோம், ஆனா வளையாம நிக்கிறதுக்கு இரும்பு எவ்வளவு இருக்குங்கிறதை விட அது நடு அச்சுல இருந்து எவ்வளவு தள்ளி இருக்குங்கிறது தான் முக்கியம். 16 எம்எம் ராடு மீட்டருக்கு 1.58 கிலோ (இரும்புக் கடைக்காரர் கணக்கு தான், விட்டத்தை விட்டத்தால பெருக்கி 162 ஆல வகுத்தா வந்துடும்). 25.4 எம்எம் வெளி விட்டம், 16 கேஜ் கனம், அதாவது 1.6 எம்எம் சுவர் இருக்குற 1 இஞ்ச் பைப்பு மீட்டருக்கு சுமார் 940 கிராம் தான். ஆனா வளையாம தாங்குறதுல அந்த பைப்பு ராடை விட 2.6 மடங்கு விறைப்பு. எடை குறைவு, விறைப்பு அதிகம், காசும் குறைவு.

இன்னும் ஸ்ட்ராங் வேணும்னா என்ன பண்றதுன்னு கேப்ப. சுவரை 1.6ல இருந்து 2 எம்எம் ஆக்குனா விறைப்பு 19 சதவீதம் கூடும், எடை 23 சதவீதம் கூடும். அதுக்கு பதிலா சுவரை அப்படியே விட்டுட்டு வெளி விட்டத்தை 28.6 எம்எம் ஆக்கு, விறைப்பு 46 சதவீதம் கூடும், எடை 13 சதவீதம் தான். எப்பவும் விட்டத்தைக் கூட்டு, கனத்தைக் கூட்டாத. ஆனா ரொம்ப மெல்லிசாவும் போகாத, ஃபர்னிச்சர் செய்யுற 18 கேஜ் பைப்பு (1.2 எம்எம்) வெல்டிங் அடிக்கும்போதே ஓட்டை விழும், ஃபோர்க்குக்கு வேண்டவே வேண்டாம்.

ஜிஐ பைப்பு வீட்ல கிடக்கு, யூஸ் பண்ணலாமா?

வேண்டாங்க. துத்தநாகப் பூச்சு மேல வெல்டிங் அடிச்சா வர்ற வெள்ளைப் புகையை இழுத்தா அன்னைக்கு ராத்திரியே குளிர் காய்ச்சல் மாதிரி நடுங்கும், வெல்டும் ஓட்டை ஓட்டையா விழும். குரோம் பூசின பழைய ஃபோர்க்கும் அப்படித் தான், குரோம் புகை இன்னும் மோசம், வெல்டிங் அடிக்கிற இடத்துல ரெண்டு பக்கமும் நல்லா கிரைண்ட் பண்ணி பச்சை இரும்பு தெரிஞ்ச பிறகு தான் அடிக்கணும். வீடு கட்டுற முறுக்குக் கம்பியும் வேண்டாம்.

கால் ஸ்ட்ராங்கா தான் இருக்கு, ஆனாலும் வண்டி இடது வலதுன்னு ஆடுது, ஏன்?

இது தான் மெயின் கேள்வி, இதுக்கு தான் கொஞ்சம் நீளமா எழுதப் போறேன். என் அனுபவத்துல பத்து ஸ்பிரிங்கர்ல எட்டு, கால் வளைஞ்சு கெட்டுப் போறதில்ல, மூட்டு தேஞ்சு தான் கெட்டுப் போகுது. ராக்கர் இருக்குற இடத்தைப் பாருங்க. கடையில விக்கிற சீப்பான ஃபோர்க்குல ராக்கர் ஒரு மெல்லிசு தகடு, அதுல ஓட்டை, அதுல சாதா போல்ட், அவ்வளவு தான். போல்ட்டோட மரை அந்த ஓட்டைக்குள்ளேயே உக்காந்திருக்கும், ஒவ்வொரு குழியிலயும் அந்த மரை அரம் மாதிரி ஓட்டையை ராவிக்கிட்டே இருக்கும், ஒரு மாசத்துல வட்டம் முட்டை வடிவத்துக்கு வந்துடும். அப்புறம் சக்கரத்தைப் புடிச்சு பக்கவாட்டுல ஆட்டுனா டக் டக்னு சத்தம். அதை நட்டு இறுக்கி சரி பண்ணலாம்னு பாத்தா மூட்டே அசையாம லாக் ஆயிடும், ஸ்பிரிங் வேலையே செய்யாது.

சரியான முறை இது. காலோட நுனியில 25 எம்எம் வெளி விட்டம் உள்ள, சுவர் கனமான பைப்புத் துண்டை குறுக்கா வெச்சு வெல்டிங் அடிங்க, அதான் மூட்டு வீடு. அதுக்குள்ள லேத்துல கன்மெட்டல் (வெண்கல வகை) புஷ், அதாவது தேய்மானத்தைத் தாங்குற உள் வளையம் கடைஞ்சு போடுங்க, வெளி விட்டம் 18, உள் விட்டம் 14. வெல்டிங் எல்லாம் முடிஞ்சு ஆறின பிறகு தான் புஷ்ஷை அடிச்சு ஏத்தணும், ஏத்தினதும் புஷ் உள்விட்டம் கொஞ்சம் சுருங்கும், அதனால கடைசியா ரீமர் (ஓட்டையை சரியான அளவுக்கு சீவுற கருவி) விட்டு 14க்கு கொண்டு வாங்க. புஷ்ஷுக்குள்ள ஈஎன்8 (கார்பன் ஸ்டீல் வகை) ராடுல கடைஞ்ச 14 எம்எம் ஸ்பேசர், நடுவுல 10 எம்எம் ஓட்டை. இந்த ஸ்பேசர் புஷ்ஷை விட 0.2 எம்எம் நீளமா இருக்கணும், இதுல தான் சூட்சுமமே இருக்கு, போல்ட்டை எவ்வளவு இறுக்குனாலும் அழுத்தம் ஸ்பேசர் மேல தான் விழும், புஷ் ஃப்ரீயா திரும்பிக்கிட்டே இருக்கும், பக்க ஆட்டமும் இருக்காது. லேத்துக்காரர்கிட்ட இந்த 0.2 எம்எம்மை பேப்பர்ல எழுதிக் குடுங்க, வாயில சொன்னா சமமா கடைஞ்சு குடுத்துடுவாரு.

அடுத்தது ராக்கர். ஒரு தகடு மட்டும் ஒரு பக்கமா தொங்குனா போல்ட் ஒரே பக்கமா வளைஞ்சுக்கிட்டே இருக்கும். ஒவ்வொரு காலுக்கும் ரெண்டு ராக்கர் போடுங்க, கால் நடுவுல, ராக்கர் ரெண்டு பக்கமும், சாண்ட்விச் மாதிரி. அப்ப போல்ட்டு ரெண்டு இடத்துல தாங்கும், வளையுற வேலையே போயிடும். 6 எம்எம் எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ஃபிளாட்டு, 32 எம்எம் அகலம், இது போதும். நாலு தகட்டையும் ஒண்ணா கிளாம்ப் பண்ணி ஒரே தடவையில ஓட்டை போடுங்க, தனித்தனியா போட்டா அரை எம்எம் மாறிடும், சக்கரம் கோணலா நிக்கும். போல்ட்டு தலையில 8.8னு (பலத்தோட கிரேடு) எழுதி இருக்கணும், ஓட்டைக்குள்ள வர்ற பகுதி மரை இல்லாத வழவழப்பான பகுதியா இருக்கணும், வெளியில நைலாக் நட்டு (உள்ள நைலான் வளையம் இருக்குற, தானா கழலாத நட்டு).

இடது கால், வலது கால் தனித்தனியா ஆடாம இருக்க என்ன வழி?

டயருக்கு மேல வளைவா ஒரு பாலம் போட்டு ரெண்டு ஸ்பிரிங் காலையும் சேருங்க. ஒரு பக்கம் குழியில இறங்கும்போது அந்தக் கால் மட்டும் தனியா மேல போகாம ரெண்டும் ஒண்ணா போகும், வளைவுல வண்டி நெளியுறது அப்படியே நின்னுடும். மொத்த வேலையில காசுக்கு அதிகமா பலன் தர்றது இது ஒண்ணு தான்னு நான் அடிச்சு சொல்லுவேன். 16 எம்எம் பைப்பு போதும். ஸ்பிரிங் கால் சக்கரத்தோட சேந்து தான் மேல கீழ போகும், ஆனா ஆக்சில் ராக்கர்ல இன்னும் தள்ளி இருந்தா சக்கரம் காலை விட கொஞ்சம் அதிகமா ஏறும், அதனால பாலத்துக்கும் டயருக்கும் நடுவுலயும் இடம் விடுங்க, பாலத்துக்கும் கிரவுனுக்கும் நடுவுல இருக்குற இடைவெளியும் மூடும். சக்கரத்தோட முழு ஓட்டம் 40 எம்எம்னா கிரவுன் பக்கம் 50 எம்எம் விடுங்க. இல்லன்னா பெரிய குழியில பாலம் கிரவுனை இடிக்கும்.

ஸ்டீரர் டியூப் உடைஞ்சா ஆள் காலின்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம். காரிமங்கலம் தாண்டி ஒரு வேகத்தடையில எனக்கே ஆச்சு. கிரவுனும் ஸ்டீரரும் சேர்ற வெல்டுல சுத்தி முக்கால் வட்டம் கிராக் போயிருந்துச்சு, மீதி கால் வட்டத்துல தான் ஃபோர்க்கே தொங்கிக்கிட்டு இருந்துச்சு, மெதுவா போனதால ஹேண்டில் லூசா இருக்குற மாதிரி தெரிஞ்சு நிறுத்திட்டேன். அந்த வெல்டை அடிச்ச பட்டறையில மேல மேல ஒரே இடத்துல ரெண்டு தடவை அடிச்சு பைப்பு சுவரையே கடிச்சு விட்டிருந்தாங்க, அந்தக் கடிச்ச ஓரத்துல இருந்து தான் கிராக் கிளம்பியிருக்கு. அன்னைல இருந்து நான் எந்த ஃபோர்க் பாத்தாலும் முதல்ல அந்த இடத்தைத் தான் விரலால தடவிப் பாப்பேன்.

பலப்படுத்துறதுக்கு வழி இருக்கு. ஸ்டீரருக்குள்ள, கீழ் முனையில, 22 எம்எம் வெளி விட்டம், 3 எம்எம் கனம், 100 எம்எம் நீளம் உள்ள ஒரு ஸ்லீவை இறக்குங்க. அதோட மேல் முனையை நேரா அறுக்காம கோணலா, வாழைத்தண்டை சீவுற மாதிரி சீவி விடுங்க, நேரா அறுத்தா அந்த விளிம்புல தான் அடுத்த கிராக் வரும். ஹேண்டில் ஸ்டெம் (ஹேண்டிலைப் புடிச்சு ஸ்டீரருக்குள்ள இறங்குற தண்டு) கீழ இறங்கி இந்த ஸ்லீவை முட்டாம அளவு பாத்துக்கங்க. இன்னொண்ணு, ஸ்டெம் போதுமான அளவு உள்ள போகணும், அதோட கீழ் முனை விரிஞ்சு புடிக்கிற இடம் ஸ்டீரரோட மரை இருக்குற பகுதியில உக்காரக் கூடாது. மரை வெட்டின இடம் ஏற்கனவே மெல்லிசு, அங்கேயே ஸ்டெம் நெம்புனா அங்கயே ஒடியும். ஸ்டெம்ல குறி போட்டிருப்பாங்க, அந்தக் குறி வெளியில தெரியக் கூடாது.

எந்த வெல்டிங் நல்லது?

டிக் வெல்டிங் கிடைச்சா அதான் பெஸ்ட். ஓசூர் சிப்காட் பக்கம் ஜாப் ஒர்க் பண்ற இடங்கள்ல டிக் தெரிஞ்ச ஆளுங்க இருக்காங்க, டிவிஎஸ்ஸும் அசோக் லேலண்டும் வந்த பிறகு அந்த ஊர்ல வளந்த கைங்க அவங்க. சிஓடூ வெல்டிங்கும் ஓகே. மெல்லிசு பைப்புல சாதா ஆர்க் அடிக்கிறது கை பழகினவங்களுக்கு மட்டும். எதுல அடிச்சாலும் வெல்டை கிரைண்ட் பண்ணி பளபளப்பா பண்ணாதீங்க, அழகுக்காக நீங்க எடுக்குறது பலத்தை. ஈரத்துணி போட்டோ தண்ணி ஊத்தியோ ஆற வைக்கவும் கூடாது, அதுவா ஆறட்டும்.

கிராக் இருக்கான்னு வீட்டுலயே எப்படி பாக்குறது?

பெயின்ட்டை சுரண்டிட்டு மண்ணெண்ணெய் தடவி பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் நல்லா காய்ஞ்ச துணியால துடைச்சுட்டு சாக்பீஸ் தூள் பூசுங்க. கிராக் இருந்தா உள்ள போன மண்ணெண்ணெய் கசிஞ்சு ஈரக்கோடு மாதிரி தெரியும். கம்பெனியில சிவப்பு சாயம் அடிச்சு பாக்குறது இதே தத்துவம் தான்.

ஸ்பிரிங் எங்க வாங்குறது, எவ்வளவு ஹார்டா இருக்கணும்?

பழைய இரும்புக் கடையில மொபெட், பைக் ஸ்பிரிங்குங்க கிடைக்கும், ஆனா கண்ணை மூடிட்டு எடுத்துட்டு வந்தா ஒண்ணு கல்லு மாதிரி இருக்கும் இல்லன்னா பொத்துனு அமுங்கும். கணக்கு போட்டுட்டு போங்க. நீங்க 75 கிலோ, வண்டி 25 கிலோ, மொத்தம் 100னு வெச்சுக்குவோம், அதுல முன் சக்கரத்துக்கு சுமார் 40 கிலோ வரும், ஒரு பக்கத்துக்கு 20. இப்ப ராக்கரை அளந்து பாருங்க. ரிஜிட் கால் மூட்டுல இருந்து ஆக்சில் வரைக்கும் 75 எம்எம், அதே மூட்டுல இருந்து ஸ்பிரிங் கால் வரைக்கும் 50 எம்எம்னா, நெம்புகோல் மாதிரி ஸ்பிரிங் மேல ஒண்ணரை மடங்கு சுமை விழும், அதாவது 30 கிலோ. சும்மா உக்காந்தாலே மொத்த ஓட்டத்துல கால்வாசி, அதாவது சக்கரத்துல 10 எம்எம் அமுங்குறது நல்லது, அதுக்கு ஸ்பிரிங் 6.7 எம்எம் அமுங்கணும். 30ஐ 6.7 ஆல வகுத்தா ஒரு எம்எம்முக்கு சுமார் 4.5 கிலோ. இதான் ஒரு பக்கத்து ஸ்பிரிங்குக்கு வேண்டிய அளவு. உங்க ராக்கர் அளவு வேற, உங்க எடை வேறன்னா இதே மாதிரி போட்டுக்கங்க.

பழைய ஸ்பிரிங்கை அளக்குறது ஈசி. எடை பாக்குற மெஷின் மேல ஸ்பிரிங்கை நிக்க வெச்சு, பெஞ்ச் டிரில்லுல பிட்டு கழட்டிட்டு அதோட தலையால 10 எம்எம் அமுக்குங்க, மெஷின் 45 கிலோ காட்டுனா அதான் உங்க ஸ்பிரிங்.

புதுசா சுத்தி வாங்குறதுன்னா 6 எம்எம் ஸ்பிரிங் கம்பி, சுருளோட சராசரி விட்டம் 36 எம்எம், வேலை செய்யுற சுத்து 6, ரெண்டு முனையும் தட்டையா மூடி, நீளம் 80 எம்எம்முக்கு குறையாம கேளுங்க, இது ஒரு எம்எம்முக்கு கிட்டத்தட்ட 4.7 கிலோ வரும். கம்பி கனம் ரொம்ப முக்கியம், 5 எம்எம்ல இருந்து 6 ஆனா ஹார்டு ரெண்டு மடங்குக்கு மேல ஆயிடும், "ஒரு எம்எம் தானே"ன்னு விடாதீங்க. ஸ்பிரிங்கை வெட்டி சின்னது ஆக்குனா ஹார்டாகும், சாஃப்ட் ஆகாது. 10 சுத்துல 2 வெட்டுனா கால் பங்கு ஹார்டு கூடும். வெட்டுறதா இருந்தா கட்டிங் வீல்ல வெட்டுங்க, கேஸ் கட்டிங் வேண்டாம். ஸ்பிரிங் மேல ஒரு சொட்டு வெல்டிங் கூட அடிக்கக் கூடாது, அந்த இடத்துல பதம் போயிடும், ஒருநாள் அங்கேயே பட்டுனு முறியும்.

குழி தாண்டின பிறகு வண்டி குதிச்சுக்கிட்டே இருக்கு. என்ன பண்ண?

ஷாக் அப்சார்பர்ல ஆயில் இருக்கும், அது ஆட்டத்தை அடக்கும், நம்ம ஃபோர்க்குல வெறும் ஸ்பிரிங் தான். மெயின் ஸ்பிரிங்குக்கு எதிர்பக்கம் சின்னதா ஒரு திருப்பு ஸ்பிரிங் போடுங்க, கால் கீழ திரும்ப வரும்போது டமால்னு அடிக்காம வாங்கிக்கும். கூடவே ராக்கர் மூட்டுல ஃபைபர் வாஷர் வெச்சு ஒரு ஸ்பிரிங் வாஷரால லேசா அமுக்கி உரசல் குடுக்கலாம், ரெண்டும் சேந்தா குதிக்கிறது பாதி நிக்கும்.

முன் பிரேக் எங்க மாட்டுறது?

ரிஜிட் கால்ல ரிம் பிரேக் மாட்டுனீங்கன்னா சக்கரம் மேல போகும்போது பிரேக் கட்டை ரிம்மை விட்டு இறங்கி ஸ்போக்ல போய் விழும், ஆபத்து. மாட்டுனா பாலம் போட்ட ஸ்பிரிங் கால்ல மாட்டணும், ஏன்னா அது சக்கரத்தோட சேந்து போகும், ஆனா ஆக்சில் ஸ்பிரிங் கால் மூட்டுக்குக் கிட்டயே இருந்தா மட்டும் தான், மேல சொன்ன 75, 50 அளவுல தள்ளி இருந்தா அதுலயும் கட்டை ரிம்மை விட்டு இறங்கும். டிரம் பிரேக், டிஸ்க் பிரேக்னா அதோட தட்டை ராக்கர்லயே வெல்டிங் அடிச்சு இறுக்கக் கூடாது, பிரேக் புடிச்சா சக்கரம் திரும்புற விசை ராக்கரையும் சேத்து திருப்பி வண்டி முன்பக்கம் தூக்கும். பிஎம்டபிள்யூ பைக்குல 1955ல இருந்து 1969 வரைக்கும் வந்த ஏர்ல்ஸ் ஃபோர்க்குல இந்தத் தூக்கல் பிரபலம். தட்டை ஆக்சில் மேல ஃப்ரீயா விட்டு, ரிஜிட் காலுக்கு ஒரு ராடு, ரெண்டு முனையிலயும் மூட்டு, ராக்கருக்கு இணையா, அதே நீளத்துல போடுங்க. பின் பிரேக் நல்லா இருக்கட்டும், அதை மறந்துடாதீங்க.

ஃபோர்க் நீளமா இருந்தா கெத்தா இருக்கும்ல?

இருக்கும், ஆனா சாதா ஃபோர்க்கை விட 2 செமீ நீளம் கூடுனா தலை கோணம் சுமார் ஒரு டிகிரி சாயும். 10 செமீ கூட்டுனா 5 டிகிரி. மெதுவா போகும்போது ஹேண்டில் தானா ஒரு பக்கம் விழும், தலைக் குழாய் வெல்டு மேல நெம்புதலும் கூடும். பழைய ரோட்ஸ்டர் ஃபிரேம்ல 5 செமீக்கு மேல வேண்டாம்னு தான் நான் சொல்லுவேன், அதுக்கு மேல வேணும்னா தலைக் குழாய்க்குக் கீழ ஒரு கஸ்ஸெட் தகடு (மூலையைத் தாங்குற முக்கோணத் தகடு) அடிச்சுட்டு போங்க.

முன் சக்கரத்துல எலக்ட்ரிக் ஹப் மோட்டார் போடலாமா?

ஸ்பிரிங்கர்ல வேண்டாங்க, பின்னாடி போடுங்க. மோட்டார் இழுக்குற விசை முழுசும் ராக்கர் மூட்டு மேலயும் ஆக்சில் காடி மேலயும் விழும். 250 வாட்டுக்குள்ள, மணிக்கு 25 கிமீக்குள்ள இருந்தா ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம்ங்கிறதால எல்லாரும் கிட் மாட்டுறீங்க, மாட்டுங்க, ஆனா பின்னாடி, டார்க் ஆர்ம் (ஆக்சில் சுத்தாம ஃபிரேமோட புடிச்சு நிறுத்துற தகடு) போட்டு.

இதுல மாம்பழக் கூடை ஏத்தலாமா?

சீசன்ல கிருஷ்ணகிரி பக்கம் இருந்து இதையும் கேட்டாங்க. பின் கேரியர்ல ஏத்துங்க. முன்னாடி கூடை வேணும்னா ரிஜிட் கால்ல இருந்து பிராக்கெட் எடுங்க, ஸ்பிரிங் கால்ல மாட்டுனா கூடையோட எடையும் சக்கரத்தோட சேந்து ஆடும், ஸ்பிரிங்குக்கு அர்த்தமே இல்லாம போகும்.

முதல் டெஸ்ட் எப்படி பண்றது? ஒகேனக்கல் இறக்கத்துல ஓட்டிப் பாக்கலாமா?

வேண்டவே வேண்டாம், பென்னாகரத்துல இருந்து ஒகேனக்கல் இறங்குற ரோடும், வத்தல்மலையும், தொப்பூர் கணவாயும் டெஸ்ட் பண்ற இடம் கிடையாது. முதல்ல வண்டியை நிறுத்தி முன் பிரேக் புடிச்சு முன்ன பின்ன தள்ளுங்க, டக்னு சத்தம் வந்தா மூட்டா, ஹெட்செட் கோன் பாலான்னு விரல் வெச்சுப் பாருங்க. அடுத்து ஹேண்டில் மேல முழு எடையும் போட்டு ஒரு நூறு தடவை அமுக்குங்க. சமதரையில, உங்க தெருவுலேயே ஒரு வாரம் மெதுவா ஓட்டுங்க, தினமும் நட்டு எல்லாம் பாருங்க. முதல் 50 கிமீ ஆனதும் மூட்டைப் பூரா கழட்டி புஷ்ஷைப் பாருங்க, ஒரு பக்கம் மட்டும் தேஞ்சிருந்தா கால் ரெண்டும் இணையா இல்லன்னு அர்த்தம், அதை அப்பவே சரி பண்ணுங்க. கிரவுன் வெல்டுல சாக்பீஸ் டெஸ்ட்டை மாசம் ஒரு தடவை போடுங்க. மழையில ஓட்டுனா அன்னைக்கே கிரீஸ் வைங்க, நம்ம செம்மண் சேறு புஷ்ஷுக்குள்ள போனா எமரி பேப்பர் மாதிரி தேய்க்கும். ஹெல்மெட் போடுங்க, சைக்கிள் தானேன்னு விடாதீங்க.